அடிப்பக்கம் ஒட்டாத தகடுகள்

வெல்டர் என்றால் சட்டையில் பொறி விழுந்த ஓட்டைகள் இருக்கும், கண் சிவந்திருக்கும், பேச்சுக்கு நடுவே இருமல் வரும். இந்த மூன்றில் ஒன்றுகூட மாப்பிள்ளையிடம் கிடையாது. இஸ்திரி மடிப்போடு காலையில் தொழிற்சாலைக்குள் போவார், அதே மடிப்போடு மாலையில் வெளியே வருவார். பக்கத்துக் கொட்டகையில் நாள் முழுக்கத் தீயோடு மல்லுக்கட்டுகிற ஆட்களுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியாதா? "வெல்டராம் வெல்டர்! பொண்ணு பாக்கப் போறவரு மாதிரில்ல போறாரு" என்று கேலி செய்வார்கள். தொழிற்சாலை முழுக்க அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதற்கு அது பாதிக் காரணம். அங்கே தகடுகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். அந்த மனிதர் வாய் நிறைய "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதுதான் மீதிக் காரணம். பதிலுக்கு அவரை மாப்பிள்ளை "மச்சான்" என்பார். கேட்டவர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மேலதிகாரிகள்கூட "மச்சானை வரச் சொல்லு" என்றுதான் ஆள் அனுப்புவார்கள்.

மாப்பிள்ளை செய்த வேலையில் தீயும் இல்லை, புகையும் இல்லை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஓர் இரும்புப் படுக்கையின் மேல் இம்மியும் நகராதபடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். மேலிருந்து ஓர் எஃகுக் கருவி சுழன்றுகொண்டே இறங்கும். கட்டைவிரல் தடிமன் இருக்கும். அதன் நுனியில் அரிசிமணி அளவுக்கு ஒரு முனை. அந்த முனை இரண்டு தகடும் சேருகிற இடத்தில் புகுந்து, உரசுகிற சூட்டில் அலுமினியத்தைக் குழைய வைத்து, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒன்றாகக் கிளறிக்கொண்டே நகரும். உலோகம் உருகாது. பிசைந்த மாவு மாதிரி குழையும், அவ்வளவுதான். கருவி போன வழி நெடுக மீன் செதில் போல ஒரு தடம் விழும். பார்க்க அத்தனை அழகாக இருக்கும்.

தடித்த தகடு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் குடிமுழுகிப் போய்விடாது. மெல்லிய தகட்டில் அந்தப் பேச்சே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குள் முனை ஏறக்குறைய அடிவரை போக வேண்டும், ஆனால் அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கீழே இருக்கிற படுக்கையைக் கீறும், தகடும் படுக்கையோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முனை குட்டையாகிவிட்டால் அது இன்னும் ஆபத்து. மேலே வழக்கம்போலச் செதில் செதிலாகத் தடம் விழும். அடியில் இரண்டு விளிம்பும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு சும்மா நிற்கும். ஒட்டின மாதிரியே இருக்கும், ஒட்டியிருக்காது. எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் அது தெரியாது.

அதைப் பிடிக்கத்தான் மச்சான் இருந்தார். தினமும் முதல் தகட்டிலிருந்து விரல் அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுவார். தடத்தின் மேடு பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவார். தேய்த்த பிறகு எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது என்பதால், முதலிலேயே அடிப்பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைத்துவிடுவார். பிறகு அழுத்து இயந்திரத்தில் கொடுத்து, ஒரு பட்டையை மேல்பக்கம் வெளியே தெரியும்படியும் இன்னொன்றை அடிப்பக்கம் வெளியே தெரியும்படியும் கொண்டை ஊசி மாதிரி வளைப்பார். அடிப்பக்கத்தை வெளியே வைத்து வளைத்தால்தான் ஒட்டாத இடம் வாயைப் பிளக்கும். மாற்றி வளைத்தால் அந்தத் திருட்டுத் தகடு பரம யோக்கியன் போல வளைந்து கொடுக்கும். இரண்டும் பிளக்காமல் வந்தால் அன்றைய வேலைக்குக் கையெழுத்து. நடுவில் கருவியைக் கழற்றினாலோ மாற்றினாலோ மச்சானைக் கூப்பிட்டு மறுபடியும் பட்டை வெட்ட வேண்டும். இதுதான் அங்கே சட்டம். அதை மீற யாருக்கும் தோன்றியதுகூட இல்லை.

மச்சான் தன் தங்கைக்கு மாப்பிள்ளை தேடியதும் இந்தப் பட்டைகளை வைத்துத்தான். ஒரு வருடம் முழுக்க இவர் செய்த தகடுகளை வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. வீட்டுக்குப் போய், "இனிமே வேற எங்கயும் பாக்க வேணாம். இவன் கை பொய் சொல்லாது. நம்ம பொண்ணு நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டார். தகட்டை வளைத்துப் பார்த்துப் பெண் கொடுத்த ஆளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். தங்கைக்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு சண்டை வரும்போதெல்லாம், "எங்கண்ணன் உங்களையும் ரெண்டு பக்கம் வளைச்சுப் பாத்திருக்கணும்" என்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. குளிர்பெட்டி வண்டிகளின் தளத்துக்கு நாற்பது தகடுகள் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் மாப்பிள்ளையின் முனை படுக்கையில் பட்டு ஒரு கீறல் விழுந்திருந்தது. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் குரலை உயர்த்தி, "என்னய்யா, படுக்கையில உழுது விதை போடப் போறியா?" என்று கேட்டார். பக்கத்துக் கொட்டகை ஆட்கள் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார்கள். இத்தனை நாள் இஸ்திரிச் சட்டையின் மேல் இருந்த கடுப்பு அவர்களுக்கு. 

செவ்வாய்க்கிழமை முதல் தகடு சரியாக வந்தது. மச்சான் பட்டை வெட்டி, புள்ளி வைத்து, வளைத்துப் பார்த்தார். இரண்டும் பிளக்கவில்லை. நான்கு தகடு முடிந்ததும் புதுத் தகட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்தார்கள். அந்தக் கட்டில் வந்த தகடுகள் ஒரு மயிரிழை மெல்லிசு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். கையில் எடுத்தால் தெரியாது. ஐந்தாவது தகட்டை முடித்துத் தூக்கும்போது அது படுக்கையை விட்டு வரவில்லை. நெம்பி எடுத்தார். கீழே பளபளவென்று நகக் கீறல் மாதிரி ஒரு கோடு. 

மேற்பார்வையாளர் அலுவலகத்துக்குள் போயிருந்தார். வேறு கருவி வேண்டுமென்றால் அவருடைய அலமாரியிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏன் என்று கேட்பார். மாப்பிள்ளை கருவியைக் கழற்றினார். மூலையில் இருந்த சாணைக்கல்லில் முனையை லேசாக வைத்தார். குறைக்க வேண்டியது பத்தில் ஒன்று. கல் ஒரே உரசலில் பத்தில் மூன்றைத் தின்றுவிட்டது. அளந்து பார்த்தவருக்கு அது நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த நேரத்தில் மச்சானைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். ஒரு குரல் கொடுத்தால் போதும். மேற்பார்வையாளர் திட்டுவார் என்ற பயத்தை மாப்பிள்ளை எப்படியாவது சமாளித்திருப்பார். மச்சான் முகத்தைப் பார்த்து, "ஒரே வாரத்துல ரெண்டாவது தடவை கீறிட்டேன், கல்லுலயும் கூடுதலா தேச்சுட்டேன்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கையைப் பார்த்துப் பெண் கொடுத்தவரிடம் கை தவறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? இந்தப் பாழாய்ப்போன வெட்கம் ஒரு நிமிடம் அவரைப் பிடித்து நிறுத்தியது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு கருவியை மாட்டி, பொத்தானை அமுக்கிவிட்டார்.

அடுத்த தகடு அற்புதமாக வந்தது. படுக்கையில் ஒட்டவில்லை, கீறவில்லை, தடம் வாரி விட்ட தலை மாதிரி நேராகப் போனது. 'பார், ஒன்றும் ஆகவில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நாற்பதும் முடிந்தது. மச்சான் காலையில் வளைத்த பட்டைகளின் பேரில் நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அடுக்கின் மேலிருந்த தகட்டில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி மாப்பிள்ளை, கண்ணாடி!" என்றார்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு ஒரே வாரத்தில் மூன்று வண்டிகளின் தளம் தடத்தோடு பிளந்தது. மூன்றாவது வண்டியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஆளின் கால் பிளவுக்குள் இறங்கி, முழங்காலுக்குக் கீழே கிழிந்துவிட்டது. வாங்கிய கம்பெனி நாற்பதையும் கழற்றித் திருப்பி அனுப்பியது. இங்கே மீதித் தகடுகளை யாரும் வளைத்துப் பார்க்கவில்லை. அப்படியே உடைசலோடு கொட்டிவிட்டார்கள். பார்த்திருந்தால் முதல் ஐந்தும் ஒட்டிய தகடு என்று தெரிந்திருக்கும், விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

விசாரணை அப்போதைய மேலாளரின் அறையில் நடந்தது. முதலில் மாப்பிள்ளையைக் கேட்டார்கள்.

"முதல் தகட்டுக்கு அப்புறம் கருவியைக் கழட்டினீங்களா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மச்சானைக் கேட்டார்கள், பட்டைகளை எப்படி வளைத்தீர்கள் என்று. "ஒண்ணு மேல்பக்கம், ஒண்ணு அடிப்பக்கம்" என்றார் மச்சான். அன்றைய பட்டைகளை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதனை முடிந்ததும் பட்டைகளை ஸ்பிரிட்டால் துடைத்துச் சுத்தமாகத்தான் உறையில் போடுவார். அதில் மைப்புள்ளியும் போய்விடும். மேஜைமேல் இருந்த இரண்டு பட்டைகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"நிச்சயமாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார் மேலாளர்.

மச்சான் இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் ஒரு துளி இருந்திருந்தால்கூட மாப்பிள்ளை உண்மையைக் கக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"மாப்பிள்ளை கழட்டலைன்னு சொல்றாரு. அவரு வேலையில குத்தம் வராதுங்க. அப்படின்னா நான்தான் ரெண்டையும் ஒரே பக்கமா வளைச்சிருக்கணும்" என்றார் மச்சான்.

மனிதர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகராசன் வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நின்றார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாராம். அந்த வாரமே மச்சானை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இன்னும் மெல்லிய தகடுகளுக்கு மட்டுமே மாட்டிவந்த அந்தக் கருவியின் முனை அடுத்த மாதம் ஒடிந்தது. மெல்லிய முனைகள் அப்படித்தான், அவற்றுக்கு ஆயுசு குறைவு. அதை உடைசல் தொட்டியில் போடும்போது மாப்பிள்ளையின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு போட்டுவிட்டது.

வீட்டில் நடந்ததுதான் இதைவிடக் கொடுமை. வேலை போன அன்று மச்சான் தங்கை வீட்டுக்கு வந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை கிடைக்கும் என்று வந்திருப்பார். தங்கை பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு உசுரைக் குடுத்து செஞ்ச வேலைண்ணா அது. ஒரு பட்டையை ஒழுங்கா வளைக்கத் தெரியாம, அவரு பேரையும் சேத்து நாறடிச்சுட்டியே! அந்த ஆளு காலு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்மா" என்றார். மாப்பிள்ளை அதே அறையில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் வாயிலிருந்து அதை எடுக்கவில்லை.

மச்சானுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு செருப்புக் கடையில் பெட்டி அடுக்குகிற வேலை. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, இடதும் வலதுமாக இருக்கிறதா என்று பார்ப்பார். மூடுவார். மறுபடி திறப்பார். மூன்று தடவை பார்த்தால்தான் மனம் ஆறும். வாங்க வந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். "அண்ணே, எனக்கு ரெண்டும் இடது காலு, சும்மா குடுங்க" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. நடுவில் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் தூரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். மனிதர் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தார்.

மாப்பிள்ளை என்ன ஆனார்? உருப்பட்டார்! அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கருவியில் தூசு தட்டினால்கூடப் புதுப் பட்டை வெட்டச் சொல்வார். அவர் தகடு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நிர்வாகம் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. மனைவி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். மாப்பிள்ளை சாப்பிட உட்காரும்போது அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "ரொம்பத்தான் அடக்கம்" என்பாள் அவள். மச்சானிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் துடிக்காத மாதம் இல்லை. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் இருவரும் தனியாக நின்றபோது "மச்சான், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேவிட்டார். எந்நாளும் அரைமணி தாமதமாக வருகிற பஸ், அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து தொலைத்தது. அப்படியே சொல்லாமல் வருடங்கள் போய்விட்டன.

போன வெள்ளிக்கிழமை புதிதாக வந்த மேலாளரம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"முன்னாடி இங்க சோதனை பாத்தவரு உங்க சொந்தக்காரராமே? இப்ப இருக்கறவங்க வேலை எனக்குத் திருப்தியா இல்ல. அவரு வளைக்கிற மாதிரி யாரும் வளைச்சதில்லன்னு பழைய ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க. ஒரு தடவை தப்பாப் போச்சு, சரி. அதுக்காக ஒரு மனுஷனை ஆயுசுக்கும் ஒதுக்கி வைக்க முடியுமா? வரச் சொல்லுங்க. திங்கட்கிழமை எனக்குப் பதில் வேணும்."

விஷயத்தைக் கேட்டதும் மனைவி குதிக்காத குறைதான். "ஏங்க, அண்ணன் என் பேச்சைக் கேக்க மாட்டாரு. நான் அன்னைக்குத் திட்டினது அவருக்கு இன்னும் மனசுல இருக்கும். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. எப்படியாவது சம்மதிக்க வச்சுடுங்க" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இருவரும் போனார்கள். இரண்டாவது மாடி. கதவில் மூன்று பூட்டு. அடுப்புக்கு மேலே சுவரில் 'அணைச்சாச்சா?' என்று எழுதிய தாள். மச்சான் டீ போட்டு எடுத்து வந்தார். உட்காரப் போனவர் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். வந்து உட்கார்ந்து, மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை மேலாளரம்மா சொன்னதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மச்சானின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். மடியில் இருந்த இரண்டு கைகளும் ஒரு பட்டையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி தானாகவே திரும்பின. அந்த அளவுக்கு மனிதருக்கு ஆசை இருந்திருக்கிறது! அடுத்த நிமிடம் கைகளை எடுத்து முட்டிக்குக் கீழே இடுக்கிக்கொண்டார்.

"வேணாம் மாப்பிள்ளை. அது என் கைக்கு ஆகாது."

"ஏன்ணா? கூப்பிட்டுக் குடுக்கறாங்க, இதைவிட என்ன மரியாதை வேணும்?" என்றாள் தங்கை.

"உனக்குத் தெரியாதும்மா. அந்த ஆளை நான் ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். பதினேழு தையல். எண்ணினேன். அவரு எங்கிட்ட, 'ஏன் சார் அழறீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல'ங்கறாரு. ஒரு பட்டையை எந்தப் பக்கம் வளைக்கிறோம்னு பாக்கத் தெரியாதவன் மறுபடியும் கையெழுத்துப் போட்டா, அடுத்தது யாரு காலு? செருப்பு மாறிப் போனா திருப்பிக் குடுத்துக்கலாம். எனக்கு இதுவே போதும்."

தங்கை கணவனைப் பார்த்தாள். பேசுங்களேன் என்று கண்ணாலேயே சொன்னாள். மாப்பிள்ளை கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு படி இறங்கினால் இந்த மனிதர் சாகிற வரைக்கும் செருப்புப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார் என்று அவருக்குத் தெரிந்தது.

"மச்சான், நீங்க சரியாத்தான் வளைச்சீங்க. தப்பு பண்ணினது நான்."

எல்லாவற்றையும் சொன்னார். மெல்லிய கட்டு வந்தது, படுக்கை கீறியது, கருவியைக் கழற்றியது, கல்லில் தேய்த்தது, பத்தில் மூன்று போனது, மாட்டியது, விசாரணையில் இல்லை என்றது. ஒன்றையும் மறைக்கவில்லை. 

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதே மாப்பிள்ளை. ஏன் கஷ்டப்படறீங்க?"

"பொய் இல்ல மச்சான்! சத்தியமா!"

"சரி, அந்தக் கருவி எங்க?"

"ஒடைஞ்சு போச்சு. உடைசல்ல போட்டுட்டேன்."

"கல்லுல தேய்ச்சதை யாராச்சும் பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல."

"பதினொரு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இன்னைக்கு நான் வேலைக்கு வரலைன்னதும் சொல்றீங்க." மச்சான் விரல் விட்டு எண்ணினார். சோதனைக்காரர் இல்லையா, இதையும் எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்த்தார். "எல்லாத்தையும் விடுங்க. நான் பத்தடியில நின்னுட்டிருந்தேன். கருவியில கை வச்சிருந்தா நீங்க என்னைக் கூப்பிடாம இருந்திருப்பீங்களா? நீங்களா? நான் நம்பணுமா அதை?"

"வெக்கமா இருந்துச்சு மச்சான்."

"எங்கிட்டயா? எங்கிட்ட உங்களுக்கு என்ன வெக்கம்?" என்று மச்சான் நிஜமாகவே வியந்துபோய்க் கேட்டார். பிறகு நகர்ந்து வந்து மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்காக உங்க பேரையே கெடுத்துக்கத் துணிஞ்சுட்டீங்க பாருங்க. என் தங்கச்சியைக் குடுத்தது வீண் போகல."

"நாளைக்கு மேலாளர்கிட்டயே எழுதிக் குடுத்துடறேன். அப்பவாவது நம்புவீங்களா?"

"குடுங்க. அவங்களும் சிரிக்கத்தான் போறாங்க. பாராட்டுக் கடிதம் வாங்கின ஆளு மச்சானுக்காகப் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிறாருன்னு ஊரே உங்களைக் கொண்டாடும். எனக்குத்தான் இன்னும் அவமானம். வேணாம் மாப்பிள்ளை. விட்டுடுங்க."

 மாப்பிள்ளைக்கு அந்தக் கைகளை உதறிவிட்டு ஓடலாம் போல இருந்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். இன்றைக்கு அதே உண்மை இந்த மனிதரிடம் போய்ப் பெருந்தன்மையாகிவிட்டது. உதவி கேட்கிற மாதிரி மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பிவிட்டாள் என்பது பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்தது.

"அன்னைக்கு நான் அண்ணனை அந்தப் பேச்சுப் பேசினப்ப, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இருந்தேன்."

"ம்" என்றாள்.  எழுந்து போய் மூன்று டம்ளர்களையும் கழுவி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீங்க கெளம்புங்க. நான் இங்க அண்ணன்கூட இருக்கேன்."

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "அடடே, என்னம்மா திடீர்னு? இருந்துட்டுப் போயேன், தாராளமா இரு! மாப்பிள்ளை, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, ரெண்டு நாள்ல நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்று பாயை எடுப்பதும் தலையணையைத் தட்டுவதுமாக அந்தச் சின்ன அறைக்குள் பரபரத்தார்.

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மனைவி வாசல்வரை வரவில்லை. மூன்று பூட்டும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விழுந்தன. இரண்டு படி இறங்கியிருப்பார், கதவுக்குப் பின்னால் மச்சானின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"எத்தனை நாள் இருப்பே?"

"தெரியலண்ணா" என்றாள் அவள்.